செய்தி வராத நேரம்

ஓடட்டும், ஓடி முடியட்டும், முடிந்த கையோடு கனகுவுக்கு ஒரு போன், கழட்டுடா என்று ஒரே சொல், ஆறுச்சாமி பண்ணையின் பழைய சங்கு கீழே இறங்கிவிடும். துளசிமணி நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய புரோகிராமின் டெஸ்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடித் தேறிப் பச்சையாகிக்கொண்டிருந்தன. பல்லடத்தில் பேரிங் கடைக்கு மேல் மாடி, பங்குனி வெயில் தகரத்தைத் தாண்டி உச்சந்தலைக்கே வந்துவிட்டது, கீழே ரோட்டில் எவனோ லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான், அழுத்தட்டும், ஊரில் எல்லாருக்கும் அவசரம். முன்னறையில் ஆறுச்சாமி உட்கார்ந்திருக்கிறார். நீ சொல்றது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அம்மிணி எறக்க உடுவேன் என்று காலையிலேயே வந்துவிட்டார். அங்கே அவர் பண்ணையில் கனகு, எலக்ட்ரீசியன், ஏணிமேல் திருப்புளியோடு நிற்கிறான். மூடிய கோழிக்கொட்டகைகள் மூன்று, ஒரு கோடியில் ஆளுயர ஃபேன்கள், அந்தக் காற்றுதான் கோழிகளுக்கு உயிர். கரண்டும் போய் ஜெனரேட்டரும் எடுக்காமல் போனால், இந்த வெயிலில், ஒரு ஆள் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்து கிடக்கும். அதற்குத்தான் சங்கு. மெயின் போனால் பேட்டரியில் ஊளையிடுகிற பழைய சங்கு. அதை இறக்கிவிட்டு அந்த இடத்தில், கொட்டகையிலிருந்து செய்தி வராவிட்டால் போனில் மணி அடிக்கிற துளசிமணியின் புரோகிராம் நிற்கப்போகிறது. இன்றைக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில். இறக்கச் சொல்லிக் குடுமிப்பிடி பிடித்ததும் அவள்தான்.

ரெண்டும் இருக்கட்டுமே அம்மிணி, சங்கு பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும் என்றுதான் அவர் கேட்டார். முடியாது என்றாள். கரண்ட் கண்ணைச் சிமிட்டினாலும் அது கத்துதுங்ணா, கத்திக் கத்தி உங்கூட்டுல ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, போன வாரம் ஊதுனப்ப நீங்க என்ன பண்ணுனீங்க, சொல்லுங்க பாக்கலாம், சோத்துல கைய வெச்சுட்டு ஊதட்டும்னு உக்காந்திருந்தீங்க, அந்தப் பழக்கம் இருக்கறவரைக்கும் என்ற மணியும் உங்களுக்குச் சத்தந்தான். அப்படித்தான் அடிக்க வேண்டும், எதிராளி சோற்றில் கைவைத்திருந்த நேரத்தைப் பிடித்து அடிக்க வேண்டும், சந்தையில் கற்றது, இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வீடு வீடாய் ஏறி இறங்கிக் கற்றது, எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. செய்தி நின்று எத்தனையாவது நிமிடத்தில் மணி அடிக்க வேண்டும் என்பதற்கும் பேரம் நடந்தது. அவர் மூன்று நிமிடம் என்றார். நடக்காது, நெட்டு மூனு நிமிசம் மூச்சு வாங்கும், அதுக்கெல்லாம் மணி அடிச்சா நீங்களே என்னைத் திட்டுவீங்க, பதினைஞ்சு. ஐந்துக்கு வந்தார். அவள் பத்தில் நின்றாள். பத்துக்குமேல் ஒரு நொடி போனாலும் என்ற பேரை மாத்திக்கறேன் என்று சொல்லிவிட்டாள், அதைச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொல்லாமல் அவர் மசிந்திருக்க மாட்டார். அவர் தலையாட்டினால் கோழிப்பண்ணைச் சங்கத்துக்காரர்கள் தலையாட்டுவார்கள். சுற்று வட்டாரத்துப் பண்ணையெல்லாம் ஆறுச்சாமி என்ன செய்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் கொட்டகையில் சங்கு இறங்கினால் எல்லாக் கொட்டகையிலும் இறங்கும்.

பச்சை. இன்னொரு பச்சை. கொட்டகையில் தொங்கிச் சூட்டையும் காற்றையும் அளந்து செய்தி அனுப்புகிற பெட்டிகளில் ஒன்று வாயை மூடினால் பத்து நிமிடத்தில் மணி அடிக்கிறதா, அடிக்கிறது, பச்சை. ஒன்பதாம் நிமிடத்தில் செய்தி வந்துவிட்டால் மணி அடிக்காமல் சும்மா இருக்கிறதா, இருக்கிறது, பச்சை. என்ன வேகம் பார், பத்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டிய சோதனை கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது. அந்த வேகம்தான் எங்கோ உறுத்துகிறது, செருப்புக்குள் போன மணல் மாதிரி. ஏன் உறுத்த வேண்டும்? இது தெரிந்த கதைதானே. டெஸ்டில் யாரும் நிஜமாய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதில்லை, பொய்க் கடிகாரம் வைத்து முள்ளைக் கையால் நகர்த்துவோம், நகர்த்து பத்து நிமிடம் என்று ஒரு வரி, நகர்ந்துவிடும், உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், அவள் கண்டுபிடித்ததா என்ன. அந்த வரியை எழுதியது அவள்தான். கூட வேலை செய்கிற பானு எழுதுகிறேன் என்றாள், அவளிடம் கொடுத்தால் இன்னும் ரெண்டு நாள் இழுப்பாள் என்று இவளே உட்கார்ந்து எழுதினாள். நகர்த்து பத்து நிமிடம். எழுதும்போது விரல் சந்தோஷமாகக்கூட இருந்தது. நேரத்தை யார் நகர்த்த முடியும், துளசிமணி நகர்த்துவாள்.

"அம்மிணி, ஆச்சா?"

"ஆவுதுங்ணா. டீ குடிங்க."

"குடிச்சாச்சு. ரெண்டாவதும் குடிச்சாச்சு. கனகு போன் பண்றான், ஏணிமேல நின்னு காலு மரத்துப்போச்சாமா."

"எறங்கி நிக்கச் சொல்லுங்க. நாஞ் சொல்லாம எவனும் ஒயருல கைய வெக்கக்கூடாது."

"அதிகாரத்துக்கு ஒன்னும் கொறச்சலில்ல" என்று சிரித்துக்கொண்டே பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம் பேரம் பேசுவதுதான் கஷ்டம், எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாது. போன மாதம் நம்பாமல் சோதித்துப் பார்த்தார், தானே கொட்டகைக்குள் போய் ஒரு பெட்டியைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார், திருட்டுப்பயல் மாதிரி. பத்தாவது நிமிடம் அவர் சட்டைப்பையிலேயே போன் அலறியது. எழுந்து நின்று சிரித்தாராம், பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். பெரிய கொட்டகை, ஆறாம் பெட்டி, செய்தி இல்லை. சரியாகச் சொல்லியது. ஒரு பெட்டி. கக்கத்தில் ஒரு பெட்டி. மற்ற பெட்டிகளெல்லாம் அதனதன் இடத்தில் தொங்கிக்கொண்டு, சூடு இத்தனை, காற்று இத்தனை, மணி இத்தனை என்று செய்தி அனுப்பிக்கொண்டு. மணி இத்தனை. மணி இத்தனை. எதில் மாட்டுகிறது மனசு, எந்த முள்ளில்?

முதலில் இப்படி இல்லை. முதலில் சுவர்க் கடிகாரம்தான், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டரின் நேரம், எல்லாரும் வைத்திருக்கிற நேரம். அதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. மழை பெய்தால் நெட் படுத்துவிடும், பெட்டிகள் ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருக்கும், செய்தி வழியில் நின்றிருக்கும், இங்கே கடிகாரம் பத்து நிமிடம் என்று அலறும். ஆறுச்சாமி சம்சாரம் மழையில் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார், உள்ளே கோழிகள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி தின்றுகொண்டிருக்கும். மூன்றாம் முறை ஓடியபோது வழுக்கி விழுந்து கை பிசகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மாற்றினாள், மாற்றியதில் அவளுக்கு அத்தனை பெருமை, செய்தி எப்போது வந்து சேர்ந்தது என்று பார்க்காதே, செய்தியில் என்ன மணி எழுதியிருக்கிறது என்று பார், அதுதான் கொட்டகையின் நேரம், செய்தி தாமதமாய் வந்தாலும் கொட்டகையின் நேரம் தப்பாது. பண்ணைக்குப் பண்ணை தனி நேரம், ஒருத்தன் நெட் படுத்தால் அடுத்தவன் நேரம் கெடாது. வருகிற செய்திதான் முள்ளைத் தள்ளும். பொய் மணி நின்றது. மழை வந்தாலும் அந்தம்மா வீட்டிலிருந்தார். துளசிமணி ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். வருகிற செய்திதான் முள்ளைத் தள்ளும். சரி. தள்ளட்டும். அதிலென்ன.

ஏதாச்சும்னா கூப்புடுவோம். இது ஏன் இப்போது வருகிறது, இத்தனை வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரி நர்சின் குரல், வெள்ளைச் சேலை, கையில் ஊசித் தட்டு, முகம்கூட மறந்துபோயிற்று, குரல் மட்டும். ஏதாச்சும்னா கூப்புடுவோங்க்கா, கூப்புடலைன்னா நல்லா இருக்காருன்னு வெச்சுக்குங்க. அவள் புருஷன் நாச்சிமுத்துவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், தறியிலிருந்து நேராய்த் தூக்கி வந்தது, பஞ்சு இன்னும் புருவத்தில் ஒட்டியிருந்தது, மண்டைக்குள் ரத்தம் என்றார்கள், கதவை மூடிவிட்டார்கள். அவள் நடையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிடாதது எத்தனை நிம்மதியாய் இருந்தது. கூப்பிடாத ஒவ்வொரு நிமிடமும் அவர் தேறிவருகிற நிமிடம் என்று கையால் வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் வாசலில் ஆரஞ்சுகூட வாங்கினாள், கண் முழித்தால் சாறு பிழிந்து கொடுக்கலாம் என்று, வாங்கும்போது பேரம் பேசினாள், அடிபட்ட பழத்தை எடுத்துக் காட்டிக் குறைக்கச் சொன்னாள், பழக்காரி சிரித்துக்கொண்டே ஒன்று சேர்த்துப் போட்டாள். அப்போது அவர் இல்லை. எப்போதோ போய்விட்டிருந்தார். சொன்ன நர்சு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள், அடுத்து வந்தவள் இவளுக்குச் சொல்லியாயிற்று என்றே நினைத்துக்கொண்டாள், யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்தி வரவில்லை, அவ்வளவுதான். பிறகு பேப்பரில் நேரம் போட்டுக் கொடுத்தார்கள். அவள் அந்த நேரத்தை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவள் நடையில் மடியில் பழத்தோடு உட்கார்ந்திருந்தவரை நாச்சிமுத்து உயிரோடிருந்தார், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மணி என்னவாயிருந்தாலும் இந்தப் பக்கம் அது நகரவேயில்லை, யாரும் வந்து நகர்த்தவில்லை

யாரும் வந்து நகர்த்தவில்லை.

துளசிமணியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. கொட்டகையில் யார் நகர்த்துவது? டெஸ்டில் நான் நகர்த்துகிறேன், என் கையால், ஒரு வரியால். ஆறுச்சாமி ஒரு பெட்டியைப் பிடுங்கியபோது மிச்சப் பெட்டிகள் நகர்த்தின, அவை அனுப்பிய செய்திகள் மணி இத்தனை மணி இத்தனை என்று முள்ளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பத்தில் முட்டின, மணி அடித்தது. கரண்ட் போனால்? ஜெனரேட்டர் எடுக்கவில்லை, ஃபேன் நின்றது, நெட்டுப் பெட்டியும் அதே ஒயரில்தானே, அதுவும் நின்றது. ஒன்றுகூடப் பேசாது. எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடினால் முள்ளை யார் தள்ளுவது? இங்கே கொட்டகையின் நேரம் கடைசிச் செய்தி வந்த நேரத்திலேயே நிற்கும். பத்து நிமிடம் என்பது வரவே வராது. அரை மணி ஆனாலும் வராது, சாயங்காலம் ஆனாலும் வராது. அங்கே கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும், இங்கே திரையில் எல்லாம் நலம், சூடு சரி, காற்று சரி. எதற்காக மணியைச் செய்தாளோ அந்த ஒன்றுக்கு மட்டும் அது அடிக்காது. மற்ற எல்லாவற்றுக்கும் அடிக்கும்.

இல்லை, இருக்காது, அவசரப்படாதே. வெயில், ராத்திரி சரியான தூக்கமில்லை, புத்தி கண்டதையும் முடிச்சுப் போடும். ஜெனரேட்டர் எடுக்காமல் போவது எத்தனை தடவை நடக்கும், ஆறுச்சாமி தினம் ஓட்டிப் பார்க்கிறவர், டீசல் தீரவிடாதவர். நடக்காத ஒன்றுக்காகவா கைக்கு வந்த பண்ணைகளை விடுவது? இன்றைக்குச் சங்கை இறக்கிவிட்டு இந்த வாரத்துக்குள் கமுக்கமாய் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் பக்கத்தில் சேர்த்துவிட்டால், யாருக்குத் தெரியப்போகிறது, புரோகிராமில் செய்கிற மாற்றம் யாரையும் கேட்காமலே போய்ச்சேரும், எத்தனை தடவை செய்ததில்லை. சுவர்க் கடிகாரம் வந்தால் மழையில் பொய் மணி வரும், அந்தம்மா மறுபடி ஓடுவார், அதற்கும் ஒரு வழி யோசிக்கலாம், யோசிக்க முடியாததா. ஒரு வாரம். பங்குனியில் ஒரு வாரம். நேற்று மத்தியானம் கரண்ட் எத்தனை தடவை போனது? சனியன், அதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறாய். இப்போது பின்வாங்கினால் என்ன பேச்சு வரும், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு அன்னிக்கே சொன்னேன் என்று எவனாவது டீக்கடையில் ஆரம்பிப்பான், அவன் குரல்வளையைப் பிடிக்கலாம் போல் இப்போதே கை துடிக்கிறது. சொன்ன சொல்லை அவள் மாற்றியதில்லை. சொன்ன சொல் ஒன்றுதான் அவள் கையிலிருந்த முதல், படிப்பு இல்லை, ஆள் இல்லை, வாய்ச்சொல் மட்டும். பச்சை. கடைசி டெஸ்டும் பச்சை. திரை முழுக்கப் பச்சை, நெல் நட்ட வயல் மாதிரி, ஒரு களைகூட இல்லாமல். கையைத் தூக்கி போனை எடுத்தால் போதும்.

எடுக்கவில்லை. ஒரே ஒரு டெஸ்ட். எழுதிப் பார்த்துவிட்டால் போயிற்று, இல்லையென்று தெரிந்தால் நிம்மதியாய்ச் சொல்லிவிடலாம். பழைய டெஸ்டையே எடுத்தாள். எல்லாப் பெட்டியும் பேசட்டும், பிறகு எல்லாப் பெட்டியும் வாயை மூடட்டும். மணி அடிக்கும்வரை காத்திரு. நடுவிலிருந்த வரி, நகர்த்து பத்து நிமிடம், அதன்மேல் கையை வைத்து அழித்தாள். தன் கையை அங்கிருந்து எடுத்துவிட்டாள். மணி அடிக்க எடுக்கிற பத்தை மட்டும் அரை நிமிடமாகக் குறைத்து வைத்தாள், உட்கார்ந்து பார்க்க. ஓடு.

ஓடியது. பெட்டிகள் பேசின. பெட்டிகள் வாயை மூடின. அதற்குப் பிறகு திரையில் ஒன்றுமில்லை. சிவப்பு வந்தால் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளலாம், தப்பு என்று ஒரு வரி வந்தால் அதோடு சண்டை போடலாம். எதுவும் வரவில்லை. கீழே ஹாரன் நின்றிருந்தது. அரை நிமிடம் போயிற்று, போய் ரொம்ப நேரமாயிற்று. ஒரு ஈ கண்ணாடியில் முட்டியது. டெஸ்ட் தோற்கவில்லை, ஜெயிக்கவில்லை, மடியில் கையைக் கட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருக்கிறவளைப் போல் இருக்கிறது, எழுந்து போய்க் கேட்கத் தெரியாது அதற்கு, கதவைத் தட்டத் தெரியாது, கூப்பிடவில்லையென்றால் நல்லது என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன, அவள்தான் சொல்லிக் கொடுத்தது.

பக்கத்து மேசையிலிருந்து பானு எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஹேங் ஆயிருச்சா? நிறுத்திட்டு மறுபடி ஓட்டட்டுமா?"

"ஹேங் ஆகல."

"அப்பறம்?"

"காத்துட்டு இருக்குது."

"எதுக்கு?"

"யாராச்சும் வந்து மணி என்னன்னு சொல்றதுக்கு."

பானு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அழித்த வரியின் இடத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "அக்கா" என்றாள் மெல்ல, "அவருகிட்ட இப்ப சொல்லணுமா? ராத்திரிக்குள்ள நான் ஏதாவது—"

"வாய மூடு." சொன்ன பிறகுதான் தெரிந்தது, தன் மனசிலிருந்த அதே பேச்சைத்தான் அவள் வாயில் கேட்டோம் என்று. கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. போனை எடுத்தாள். அங்கே மணி போகிறது, போகிறது, எடுக்கவில்லை, எடுடா, ஏணியில் நிற்கிறவன் எப்படி எடுப்பான், எடுத்துத் தொலை. எடுத்தான்.

"கனகு, ஒயரத் தொடாத."

"அக்கா, நீங்க எப்படியும் சொல்லிருவீங்கன்னு ஒரு பக்கம் உருவிட்டனுங்க்கா. இன்னொன்னுதான்—"

"உன்னை உருவச் சொன்னது யாருடா! மாட்டு. இப்பவே மாட்டு. மாட்டிட்டு மெயின ஒருவாட்டி எறக்கு. சங்கு ஊதறது எனக்குக் கேக்கோணும்."

"ஃபேன் நின்னுருமுங்க்கா."

"நிக்கட்டும். ஊதுனதும் தூக்கி உட்டுரு. போனக் கட் பண்ணாத."

திருப்புளி இரும்பில் உரசுகிற சத்தம். கனகுவின் மூச்சு. ஆறுச்சாமி பேப்பரை மடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது, அவள் திரும்பவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஃபேன்களின் இரைச்சல் ஓய்ந்தது. அந்த ஓய்ச்சலில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு ஊதியது. கரகரவென்று, அசிங்கமாக, தெரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்று அவளே கேலி பேசிய சத்தம் ஆபீஸ் முழுக்க ஊளையிட்டது. ஃபேன்கள் மறுபடி உறுமின.

"என்ன அம்மிணி" என்றார் ஆறுச்சாமி. "எறக்கறதுக்குத்தான வந்தோம், ஊத உட்டுக் கேக்கறதுக்கா?"

அவள் எழுந்து நின்றாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், எல்லாம் உட்கார்ந்துகொண்டே. "நீங்க ஒரு பெட்டியப் புடுங்குனீங்க பாருங்ணா, அதுக்கு என்ற மணி அடிக்கும். கரண்டு போயி மொத்தமும் ஒன்னா நின்னுதுன்னா அடிக்காது. இப்பத்தான் தெரிஞ்சுது."

"மொத்தமும் நிக்கறதுக்குத்தான அம்மிணி மணியே வெக்கறது?"

"ஆமாங்ணா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை, பதிலுக்கு ஏதாவது கத்தலாம். அவர் திட்டவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், திரையைப் பார்த்தார், ஒன்றுமே வராமல் நிற்கிற அந்தத் திரையில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும், இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் இன்று சாயங்காலமே அவரைக் கேட்பார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார்.

"செரி. கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. எப்பச் செரியாகும்? ஒரு நாளச் சொல்லு, நாங் காத்துக்கறேன்."

நாக்கின் நுனியில் எண்கள் தானாக வந்து நின்றன, எப்போதும் நிற்பதுபோல், பெரியதைச் சொல்லி அவரைக் குறைக்கவிட்டு நடுவில் முடிக்கலாம், இரண்டு வாரம் என்றால் ஒரு வாரம் என்பார், பத்து நாளில் கை குலுக்கிக்கொள்ளலாம். மழைக்கு அடிக்காமல் சாவுக்கு மட்டும் அடிக்கிற கடிகாரம் எது, அது அவளுக்குத் தெரியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் வேண்டும், இருக்கிறதா என்றே தெரியாது. எண்கள் காத்திருந்தன. ஆறுச்சாமியும் காத்திருந்தார், பேரத்துக்குத் தயாராக, இலேசாய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு.

"தெரியலீங்ணா" என்றாள் துளசிமணி.